பாதரசமும் புளியங்கொட்டையும்

சென்ற ஆடியில் ஒரு மாலை என் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரியில் என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது இங்கே பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பல நூல்களிலிருந்து திரட்டிய பன்னிரண்டு அறிவியல் சோதனைகளை அதில் எழுதி வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையான குழந்தைகளுக்கானவை.

"சார், இதுல பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லாததா ஒரு அஞ்சு எடுத்துக் குடுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுண்ணா நான்தான் பதில் சொல்லணும். செய்யாம விட்டா யாரும் கேக்கமாட்டாங்க. அதான் யோசனையா இருக்கு."

தமிழ் முதுகலை படித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வியல்ல இது. ஆனால் அவருடைய கடைசி இரண்டு வாக்கியங்கள் என்னை விடவில்லை. செய்தால் பதில் சொல்ல வேண்டும், செய்யாமல் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். நம் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் ஏன் பெரும்பாலும் வாசிக்கப்படும் பாடமாகவே இருந்துவருகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இருக்க முடியாது. 'பாதுகாப்பான சோதனை' என்ற எண்ணம் நம் வகுப்பறைகளுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் ஒரு நினைவு. நான் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தபோது எங்கள் வகுப்பாசிரியர் உடைந்துபோன வெப்பமானி ஒன்றிலிருந்து பாதரசத்தை ஒரு காகிதத்தில் கொட்டிக் காட்டினார். வெள்ளி முத்துகள்போல் அது உருண்டது. விரலால் தட்டினால் நூறாகச் சிதறியது, கூட்டினால் ஒன்றானது. உள்ளங்கையில் ஏந்திப் பார்க்க நாங்கள் வரிசையில் நின்றோம். அந்தச் சின்ன உருண்டைக்கு அத்தனை கனம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி என்பது பின்னாளில் புத்தகத்தில் படித்தது. ஆனால் கை அதை அன்றே அறிந்துகொண்டது.

அன்று ஆசிரியரின் மோதிரம் வெளுத்துவிட்டது. தங்கமும் பாதரசமும் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவரும் எங்களோடு சேர்ந்துதான் கற்றார் என்று நினைக்கிறேன். தட்டான் அதைத் தீயில் வைத்து ஊதிச் சரிசெய்து கொடுத்ததாக மறுநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தீயில் பாதரசம் ஆவியாகிப் போனது தட்டானின் மூச்சுக்குள்தான் என்பது எனக்கு உறைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நல்ல ஆசிரியர். தன் காலத்தில் தெரிந்திருந்ததை வைத்து எங்களுக்கு ஒரு வியப்பைத் தந்தார். மேலும், பாதரசத்தின்மீது அச்சமற்ற ஒரு நெருக்கம் நம் மரபிலேயே உண்டு. சித்தமருத்துவத்தில் அதற்கு ரசம் என்றும் சூதம் என்றும் பெயர்கள். அனுமன் தூக்கிச்சென்ற மலையிலிருந்து விழுந்த துண்டு என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் மருந்துவாழ் மலை கொட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. மருந்தும் நஞ்சும் ஒரே குடுவையில் இருக்கலாம் என்பது இங்கே புதிய செய்தியல்ல. ஆனால் மரபு அதை 'சுத்தி' செய்யாமல் தொடக்கூடாது என்று ஒரு முறைக்குள் வைத்திருந்தது. வகுப்பறைக்கு வந்தபோது அந்த முறை கூட வரவில்லை.

உலகம் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொடியது. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன்வழியாக மனிதருக்குள் சென்றது. அங்கே அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956இல். நமக்கு அருகில், கொடைக்கானலில், வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களில் தொடங்கி இயங்கிவந்தது. அதன் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. எங்கள் உள்ளங்கையில் உருண்ட வெள்ளி முத்துக்குப் பின்னால் இத்தனை நீண்ட கதை இருந்தது.

ஆக, பாதுகாப்பு என்பது ஒருமுறை எழுதி முடித்துவிடும் பட்டியல் அல்ல. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

*

குழந்தைகளுக்கான அறிவியல் சோதனை என்றவுடன் நினைவுக்கு வரும் முதல் பெயர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் உரைகள் 1825இல் தொடங்கின. 1848இலும், மீண்டும் 1860-61 குளிர்காலத்திலும், ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் மையமாக வைத்து ஃபாரடே ஒரு முழு உரைவரிசையை நிகழ்த்தினார். அற்புதமான உரைகள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை நடந்தது ஃபாரடேயின் மேசையில். குழந்தைகள் எதிரே அமர்ந்து பார்த்தார்கள். செய்பவர் ஒருவர், காண்பவர் பலர்.

நம் உயர்நிலைப் பள்ளிகளின் ஆய்வகம் அந்த மேசையின் வழித்தோன்றல் என்றே எனக்குத் தோன்றுகிறது. குடுவைகள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், சாவி ஆசிரியரிடம் இருக்கும். 'தொடாதே' என்பதே அங்கே பாதுகாப்பு விதி. தொடக்கப் பள்ளிக்கோ அந்த அலமாரியும் கிடையாது. ஆகவே அங்கே அறிவியல் என்பது படத்தைப் பார்த்துப் பாகங்களைக் குறிப்பதாக முடிந்தது.

இந்த நிலையை மாற்றியது செல்வமல்ல, பற்றாக்குறை. இரண்டாம் உலகப்போரில் பல நாடுகளின் பள்ளிகளும் ஆய்வகங்களும் நாசமாயின. அந்நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக, கையில் கிடைப்பதைக்கொண்டு கருவிகள் செய்வது எப்படி என்று ஜே. பி. ஸ்டீஃபன்சன் என்ற லண்டன் ஆசிரியர் எழுதிய சிறு நூலை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. அது ஆய்வகமே இல்லாத நாடுகளுக்கும் பயன்பட்டது. அதை விரித்து 1956இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் சென்றது. தகர டப்பா, பாட்டில், நூல், மெழுகுவர்த்தி, விதை ஆகியவையே அதன் ஆய்வகம்.

இந்தியாவில் இந்த எண்ணம் வேரூன்றிய இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் (இன்று நர்மதாபுரம்). 1972இல், கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரண்டு அமைப்புகள் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு அமர்ந்தார்கள். குழந்தைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து தாங்களே சோதனை செய்து, கண்டதைத் தங்கள் சொற்களில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி அப்பணியை ஏற்றது. 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது.

1978இல் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத்துக்குப் போன பொறியாளர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீக்குச்சிகளை அவற்றில் செருகி முக்கோணம், சதுரம், கனசதுரம் என்று கட்டிக்காட்டினார். முக்கோணம் மட்டும் ஏன் நெளியவில்லை என்று குழந்தை தானே கேட்கும். குப்பையிலிருந்து பொம்மை என்ற அவருடைய வழி பின்னர் நாடெங்கும் பரவியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது 1987 முதல் வெளியிட்டுவரும் 'துளிர்' இதழும் இதே வேலையைச் செய்தன. தொடக்க வகுப்புகளுக்கு அரசே இவ்வழியில் இறங்கியது 2003இல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டு, 2007இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கப்பட்டது. அந்த வடிவம் பின்னர் மாறிவிட்டது என்றாலும், குழந்தையின் கையில் பொருள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைத்தது.

இவர்கள் அனைவரும் தேடியது மலிவான பொருளை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பாதுகாப்பான பொருள். அமிலம் வாங்கக் காசில்லை என்றால் எலுமிச்சம்பழம். லிட்மஸ் இல்லை என்றால் செம்பருத்திப்பூ அல்லது மஞ்சள் தடவிய தாள். மின்சுற்றுக்கு வீட்டுச் சுவரின் 230 வோல்ட் அல்ல, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி. கண்ணாடிக் குடுவைக்குப் பதில் எவர்சில்வர் தம்ளர். பாதுகாப்பு இங்கே தனி விதியாக எழுதப்படவில்லை. ஏழ்மையின் துணைவிளைவாக வந்தது. வசதியான பள்ளியின் அலமாரியில் பூட்டி வைக்கவேண்டியிருந்தது எதுவோ, அது ஏழைப் பள்ளியில் இல்லவே இல்லை.

*

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மலிவானதெல்லாம் பாதுகாப்பானதல்ல. அந்த மாணவியின் நோட்டுப் புத்தகமே அதற்குச் சான்று.

அதில் மூன்றாவது சோதனை விதைகளைத் திரட்டி வகைப்படுத்துவது. கேட்க எத்தனை சாதுவானது! ஆனால் எங்கள் பக்கத்து வேலியோரத்தில் ஒரு குழந்தை திரட்டக்கூடிய அழகான விதைகள் எவை? முதலில் குன்றிமணி. பொன் நிறுக்கப் பயன்பட்ட அதே சிவப்பு முத்து. முழுதாக விழுங்கினால் ஒருவேளை தப்பலாம், கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அடுத்து ஆமணக்கு, ஊமத்தை, மஞ்சள் அரளி. நான்கும் நஞ்சு. காசு கொடுக்காமல் கிடைப்பவையும் அவைதான். விதை திரட்டுவதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆசிரியர் முதலில் தன் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்தும் அரிசிக்கடையிலிருந்தும் எடுத்துவந்த விதைகளைக் கொடுக்கலாம். அப்போதும் முதல் வகுப்புக் குழந்தைக்குப் பயறு கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. அது மூக்கில் போய்விட்டால் ஈரத்தில் ஊறிப் பருக்கும், எடுப்பது கடினமாகும்.

பழைய கைக்கடிகாரத்திலிருந்து எடுக்கும் பொத்தான் பேட்டரியும் அப்படித்தான். மலிவு, சிறியது, விளக்கை எரிக்கும். ஆனால் விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கத் தொடங்கிவிடும். அதே பாடத்தை விழுங்கமுடியாத டார்ச் பேட்டரியும் நடத்தும். எறியப்பட்ட ஊசிக்குழாய், உடைந்த ட்யூப்லைட் ஆகியவையும் இந்த வரிசைதான். ட்யூப்லைட்டுக்குள் மறுபடியும் நம் பழைய பாதரசம்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி 'விலை என்ன?' என்பதல்ல, 'தவறு நடக்குமா?' என்பதும் அல்ல. முப்பத்தைந்து குழந்தைகள் உள்ள அறையில் தவறு நடக்கும். கொட்டும், உடையும், வாய்க்குள் போகும். அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. தண்ணீர் கொட்டினால் தரை நனையும். பாதரசம் கொட்டினால்?

*

நோட்டுப் புத்தகத்தில் ஏழாவது சோதனை மெழுகுவர்த்தி. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை வைத்துத் தம்ளரால் மூடினால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஃபாரடேயின் மெழுகுவர்த்தியின் பேரப்பிள்ளை இது. இதைப் படித்ததும் எனக்கு 2004ஆம் ஆண்டு ஜூலை 16 நினைவுக்கு வந்தது. அன்று கும்பகோணத்தில், ஒரு பள்ளியின் சமையல்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, தொடக்க வகுப்புக் குழந்தைகள் 94 பேர் இறந்தார்கள். அந்தத் தீக்கும் எந்தச் சோதனைக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரும் வகுப்பறையில் ஒரு தீக்குச்சியை உரசும்போது மேலே கூரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பு, கல்வி பெறும் உரிமை என்பதில் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் அடங்கும் என்றது. சோதனையைத் தேர்வது என்பது அது நடக்கும் அறையையும் வாசலையும் சேர்த்துத் தேர்வதுதான்.

மெழுகுவர்த்திச் சோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று பல நூல்கள் விளக்குகின்றன. அது சரியல்ல. சுடரால் சூடாகி விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதே முக்கியக் காரணம். தீயின் ஆபத்தையும் ஏற்று, தவறான முடிவையும் கற்பிக்கும் சோதனை எதற்கு? காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று காட்ட, தம்ளரின் அடியில் கசக்கிய காகிதத்தைச் செருகி, கவிழ்த்தபடி நேராக வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் போதும். காகிதம் நனைவதில்லை. தம்ளரைச் சாய்த்தால் குமிழிகள் எழும். ஒவ்வொரு குழந்தையும் செய்யலாம்.

வெப்பமானிக்கும் இப்படி ஒரு மாற்று உண்டு. மூன்று பாத்திரங்களில் குளிர்ந்த நீர், சாதாரண நீர், இளஞ்சூடான நீர். ஒரு கையைக் குளிர்நீரிலும் மறு கையைச் சூட்டிலும் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு இரண்டையும் நடுப் பாத்திரத்தில் இட்டால், ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் தோன்றும். ஜான் லாக் தம் மெய்யியல் நூலில் 1690லேயே பேசிய அனுபவம் இது. கை பொய் சொல்லும், ஆகவே கருவி வேண்டும் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும். ஆசிரியர் செய்ய வேண்டியது, சுடுநீரை முன்னதாகத் தன் முழங்கையால் தொட்டுப் பார்ப்பது மட்டுமே.

*

பாதுகாப்பும் பயமும் ஒன்றல்ல என்பதை எனக்கு உணர்த்திய நாள் 2010 ஜனவரி 15. தை அமாவாசை, பொங்கலுக்கு மறுநாள். அன்று நண்பகலுக்குப் பின் கங்கண சூரிய கிரகணம். அதன் பாதை குமரி முனைமீதே சென்றது. அறிவியல் இயக்கத்தார் பல ஊர்களில் கிரகணக் கண்ணாடியோடு இருந்தார்கள். எங்கள் தெருவிலோ கதவுகள் சாத்தியிருந்தன. குழந்தைகளை வெளியே விடவில்லை. மறுபுறம், இரண்டு பையன்கள் வீட்டிலிருந்த எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறியிருந்தார்கள். எக்ஸ்ரே படம் வெளிச்சத்தை மங்கலாக்கும். விழித்திரையைச் சுடும் கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுக்கும் என்று அதை நம்பமுடியாது. வலியும் இருக்காது என்பதால் தீங்கு நடப்பதே தெரியாது.

பயந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. துணிந்தவர்கள் பார்க்கக்கூடாத விதத்தில் பார்த்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கீழே இறக்கினேன். எங்கள் வீட்டு மாமரத்தடியில் அப்போதுதான் அதைக் கவனித்தோம். இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளையாகி, மண்ணெங்கும் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள். கொஞ்ச நேரத்தில் சாத்திய கதவுகள் திறந்து தெருவே மரத்தடிக்கு வந்துவிட்டது. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள்தான் அன்று கிரகணத்தை நன்றாகப் பார்த்தார்கள்.

*

அன்று மாலை அந்த ஆசிரியைக்கு நான் ஐந்து சோதனைகளைத் தேர்ந்து கொடுக்கவில்லை. படிப்புரையில் ஒரு வாளியும் தம்ளரும் மூன்று பாத்திரங்களும் வைத்துக்கொண்டு இருவரும் செய்து பார்த்தோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'கொட்டினால், உடைந்தால், வாயில் போனால்' என்று மூன்று கேள்விகள் எழுதி, விடையை அவரே நிரப்பினார். விடை மோசமாக இருந்தவற்றை அடித்தார். நான்கு போயின. மூன்றில் பொருளை மாற்றினார். பன்னிரண்டில் எட்டு மிஞ்சின. "அஞ்சுதானே கேட்டேன்" என்றார். பதில் சொல்லவேண்டிய கேள்வியை யாராவது கேட்டால் காட்டுவதற்கு இப்போது ஒரு தாளும் அவரிடம் இருக்கிறது.

கிளம்பும்போது, எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கப் பல்லாங்குழி இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். ஆச்சியின் பலகை மச்சில் கிடந்தது. இறக்கித் துடைத்தேன். குழிகளுக்குள் பழைய குன்றிமணிகள் கருப்பும் சிவப்புமாகப் பளபளத்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மேலே வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து இரண்டு கை புளியங்கொட்டை அள்ளிப் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தேன்.